முதலமடைக் கடையின் முதல் போணி

கல்லாவில் பெரியப்பா. தராசுக்குப் பின்னால் அப்பா. விளக்குப் பக்கம் அம்மா. எதிரே பஸ் நிற்கிற இடத்தில் ரோட்டைப் பார்த்தபடி சித்தப்பா. அரிசி மூட்டை மேல் நான். எனக்கு எட்டு வயது.

வர வேண்டியது அத்தை. பொள்ளாச்சி பஸ்ஸில்.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் முதல் கடை ஓடியதற்கு அத்தையின் கைராசிதான் காரணம் என்று பெரியப்பா நம்பினார். திறந்த அன்றைக்கு மஞ்சள் வாங்கிப் போணி பண்ணியது அத்தைதான். முதலமடையில் இது இரண்டாவது கடை. பதினோரு வருஷம் தன் அண்ணன் கடையில் பொட்டலம் மடித்த அப்பாவுக்குக் கிடைத்த கடை. போணி சரியில்லை என்றால் சரக்கைத் திருப்பி ஏற்றிவிடுவேன் என்று பெரியப்பா முந்தின நாளே சொல்லிவிட்டார். சரக்கு வந்த வேன் வாசலிலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். பத்து ஆகியும் பஸ் வரவில்லை. ஆட்கள் வந்துவிட்டார்கள். அத்தைக்கு முன்னால் யாருக்கும் விற்கக் கூடாது. காரணமும் சொல்லக் கூடாது. உங்கள் கை ஆகாது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

சர்க்கரை கேட்ட டீச்சரிடம், தராசு இன்னும் சரி பண்ணவில்லை என்றார் அப்பா. சோப்பு கேட்டவரிடமும் அதையே சொன்னார்.

"சோப்பை நிறுத்தா தர்றீங்க?" என்றார் அவர்.

அப்பா விளக்குத் திரியைத் தூண்டப் போனார்.

பிறகு ஒரு மாந்தோப்புக் காவல்காரர் வந்தார்.

"எலி மருந்து இருக்குதுங்களா?"

"இன்னும் வரலீங்க."

மருந்துப் பாக்கெட் சரம் அப்பாவின் தலைக்கு மேலேயே தொங்கியது. முந்தின நாள் அதை மாட்டியது நான். அப்பாவுக்குத் தெரியவில்லை போல என்று நினைத்தேன். மூட்டை மேல் ஏறி நின்று ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தேன். அவர் காசை என் கையில் வைத்துவிட்டு சைக்கிளில் போய்விட்டார்.

"எடுத்த எடுப்புல விஷம்," என்றார் பெரியப்பா. எழுந்து ஷட்டர் கொக்கியைத் தேடினார்.

அம்மா என் விரல்களை மடக்கிப் பிடித்தாள். "காசு கல்லாவுல விழுந்தாத்தானுங்களே போணி?"

பெரியப்பா யோசித்தார். அத்தை வரும்வரை கையைத் திறக்காதே என்றார் என்னிடம். மூக்கு அரித்தது. இன்னொரு கை இருப்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

பத்து இருபத்தஞ்சுக்கு பஸ் வந்தது. சித்தப்பா ஓடிப்போய் அத்தையின் பையை வாங்கிக்கொண்டார். கடைக்கு வரும்வரை எலி மருந்து விஷயத்தைச் சொல்லி அவர் வாய் ஓயவில்லை.

அத்தை நேராக என்னிடம் வந்தது. கையைப் பிரித்துக் காசை எடுத்துக் கல்லாவில் போட்டது.

"எலி மருந்துதானே? நல்லதாப் போச்சு. ஏனுங்ண்ணா, மறந்துட்டீங்களா? அந்தக் கடையிலயும் நான் மொதல்ல வாங்குனது அதுதானுங்களே. நீங்க ஐயரைக் கூப்பிடப் போயிருந்தீங்க. மஞ்சளெல்லாம் அதுக்கப்புறம்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். "நெசமாடா?"

அப்பா எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆமாங்ண்ணா."

பெரியப்பா கல்லாவை மூடினார். அப்புறம் வாசலுக்குப் போய் டிரைவரிடம் சொன்னார். "வேனை எடுப்பா. வர்றவங்களுக்கு வழிய மறைச்சுட்டு நிக்குது."

டீச்சருக்குச் சர்க்கரை கிடைத்தது.

என் கைக்கும் ராசி உண்டு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வளர்ந்த பிறகு, அத்தையும் அப்பாவும் சேர்ந்து பெரியப்பாவை ஏமாற்றினார்கள் என்று நினைத்தேன். அதுவும் சரியில்லை.

எங்கள் கடைகள் பெருகிவிட்டன. போன மாதம், கடைகளின் கதையை எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும் என்று பெரியப்பாவின் மகன் வந்தான். பெரியப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கொழிஞ்சாம்பாறையில் முதல் நாள் என்னென்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். விரல் மடக்கிச் சொன்னார். அரிசி, பருப்பு, உப்பு, மிளகாய், மஞ்சள், வெல்லம், தீப்பெட்டி.

"கடை தொறந்து மூணு வருசம் கழிச்சுத்தான் எலி மருந்து வாங்கிப் போட்டது," என்றார், என்னைப் பார்க்காமல்.

பெரியப்பா சொன்னதை வரிசை நம்பர் போட்டு எழுதினேன். மொத்தச் சாமான் ஏழு.