நிலா மண்ணும் எங்கள் உப்புத் தண்ணீரும்

கயத்தாறு ரோட்டில் லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் போடும் கடை என்னுடையது. படிப்பு பத்தாவதுதான். அதனால் பிள்ளைகளே, நான் தப்பாகப் புரிந்துகொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒன்பதாவது படித்த என் மகள், அறிவியல் கண்காட்சிக்கு நிலாவை எடுத்துக்கொண்டாள். அங்கே காற்று கிடையாது. ஆனால் மண்ணின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஆக்சிஜன்தானாம்! இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடக்கிறது. உருகிய உப்பில் அந்த மண்ணை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஆக்சிஜன் பிரியும், உலோகம் மிஞ்சும். வெள்ளிக்கிழமை செய்து காட்டினால்தான் கண்காட்சியில் மேஜை என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"உப்பை எப்படிப்பா உருக்க?"

எங்கள் வீட்டில் திருஷ்டி சுற்றி உப்பையும் மிளகாயையும் அடுப்பில் போடுவார்கள். உப்பு படபடவென்று வெடிக்கும். உருகி நான் பார்த்ததில்லை.

"தீயில போட்டா வெடிக்கத்தாம்ட்டி செய்யும். தண்ணியில கரைச்சிருவோம். அதைத்தான் அப்படி எழுதியிருப்பாவ."

கண்ணாடி ஜாடியில் உப்புத் தண்ணீர், ஒரு கரண்டி கரிசல் மண், பழைய டார்ச் செல்லில் உருவிய இரண்டு கரிக்குச்சிகள். பேட்டரியை இணைத்ததும் குமிழ் குமிழாகக் கிளம்பியது. கடைக்கு வந்த லாரி டிரைவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, நம்ம காட்டு மண்ணுல இம்புட்டு காத்தா? நிலாவுல எனக்கும் ரெண்டு ஏக்கர் பாருங்க."

"அங்கயும் மழை கிடையாது. உங்களுக்குப் பழக்கந்தான!"

மகள் சிரிக்கவில்லை. ஜாடியைக் கழுவி, வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றி, மறுபடி இணைத்தாள். அதே குமிழ்.

"எப்பா, மண்ணே இல்ல. பொறவு இது எங்கேருந்து வருது?"

நான் பேட்டரி வயரைக் கழற்றினேன். பிளீச்சிங் பவுடர் போல நெடி வேறு ஏறியது. அது விஷவாயு, நீங்கள் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

மறுநாள் டீச்சரிடம் கேட்டு வந்தாள். குமிழ் வந்தது தண்ணீரிலிருந்தும் உப்பிலிருந்தும்தான். சமையல் உப்பும் எண்ணூறு டிகிரியில் தண்ணீர்போல உருகுமாம். அடுப்பில் வெடிப்பது அதற்குள் சிக்கிய ஈரமாம். நிலா மண்ணுக்குக் கால்சியம் குளோரைடு என்ற வேறு உப்பு. சூடு இன்னும் அதிகம்.

"மண்ணைப் போட்டே காட்டிருட்டி. குமிழு வருதுல்லா, யாரு கண்டா?" என்றேன். மேஜை போய்விடுமே என்ற பயம் எனக்கு.

"நான் கண்டேம்லா," என்றாள்.

வெள்ளிக்கிழமை பேட்டரியை நான்தான் பள்ளிக்குத் தூக்கிப்போனேன். அவள் இரண்டு ஜாடி வைத்தாள். ஒன்றில் மண், ஒன்றில் இல்லை.

"அப்போ உன் மாடல் வேலை செய்யலையே?" என்றார் டீச்சர்.

"செய்யல டீச்சர். ஏன் செய்யலன்னு சொல்லுதேன்."

டீச்சர் ஜன்னல்களைத் திறக்கச் சொல்லிவிட்டு, இரண்டு ஜாடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "கண்காட்சியில உன் மேஜையை வெளி வராண்டாவுல போட்டுக்க. நெடி வரும்," என்றார்.