டிக்கெட் எடுக்காதவர்கள்

பெரியம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்தும் வேலை. பெரியப்பா பஸ் கண்டக்டர். அவர்கள் வீட்டுக் கூடத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதில் பவளங்கள், நத்தைகள், ஒரு ஜோடி ஆரஞ்சு மீன்.

தொட்டியில் வைக்கக் கடல் பாறைத் துண்டுகளைப் பெரியப்பா வாங்கி வருவார். பாறையின் பொந்துகளில் ஒளிந்துகொண்டு ஏதாவது கூடவே வரும். நண்டுக்குஞ்சு வரும், பெயர் தெரியாத புழு வரும். வெள்ளை பேசினில் பாறையை வைத்துவிட்டு விசில் ஊதுவார்.

"டிக்கெட் எடுக்காதவங்கல்லாம் இறங்கு!"

பெரியம்மா பூதக்கண்ணாடியோடு குனிவாள். யார் என்ன என்று அவள்தான் சொல்ல வேண்டும். உண்மையில் பெரியப்பா பஸ்ஸில் யாரையும் நடுவழியில் இறக்கிவிட்டதில்லை. வாய் ஓயாமல் திட்டுவார், விளக்கு எரிகிற நிறுத்தம் வரை கூட்டிப்போவார்.

ஒரு முறை உடம்பின் இரு பக்கமும் வெள்ளை முடி வைத்த புழு ஒன்றை விரலால் தொட்டுவிட்டார். கண்ணாடித் தூள் ஏறியது போல எரிந்தது. பெரியம்மா ஒட்டும் டேப்பை விரலில் ஒட்டி ஒட்டி முடிகளை உரித்தெடுத்தாள். அன்று முதல் புழுவோடு அவருக்குத் தீராப் பகை.

"நத்தையையெல்லாம் அது தின்னுடும்."

"செத்ததத்தான் தின்னும். கூட்டிப் பெருக்குற ஆளு அது."

"உங்கம்மா வீட்டு ஆளா? இவ்வளவு சப்போர்ட் பண்றே."

"எங்க வீட்டு ஆளுங்க இவ்வளவு வேலை செய்ய மாட்டாங்க."

கடைசியாக அவர் வாங்கி வந்த பாறையை அவரே உள்ளே வைத்தார், கீழே மீன் நுழைந்து வர இடைவெளி விட்டு. அந்த மாதமே இதயம் நின்று இறந்துபோனார்.

பிறகுதான் நத்தைகள் சாகத் தொடங்கின. காலையில் பார்த்தால் வெறும் ஓடு கிடக்கும், உள்ளே அந்தப் புழு சுருண்டிருக்கும்.

"அப்பா சொன்னதுதான் சரி" என்றான் அண்ணன், அவர்களுடைய மகன். "புதுப் பாறைல ஏதோ வந்திருக்கு. எடுத்துக் கொதிக்க வெச்சுடலாம்மா."

"அவர் வெச்ச இடத்துல இருந்து நகர்த்தாதே."

"அடுத்து மீனும் போகும். பரவாயில்லையா?"

பெரியம்மா அவனை ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கச் சொன்னாள்.

காலி ஓடுகளைக் கடைக்கு எடுத்துப்போய் வில்லைக்கு அடியில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் வெளியிலிருந்து குத்தி உடைத்த ஓட்டை. மாலையில் வீட்டுக்கு வந்து, டிவியை நிறுத்திவிட்டுத் தொட்டியில் காதை வைத்தாள். பாறைக்குள்ளிருந்து 'டொக்'.

ஞாயிறன்று பானையோடு வந்த அண்ணனை உட்காரவைத்தாள்.

"புழு இல்லடா. புழுவுக்கு ஏது கை? போய் ஒரு சோடா வாங்கிட்டு வா. ஊத்தினா உள்ள இருக்கிறது தாங்காம வெளிய வந்துடும்."

பாறையை பேசினுக்கு மேல் தூக்கிப் பிடித்து, பொந்துக்குள் சோடாவை ஊற்றினார்கள். விரல் நீளத்தில் பச்சை இறால் ஒன்று வந்து விழுந்தது. மடக்கிய முன்கையால் பேசினை 'டொக்' என்று ஓங்கிக் குத்தியது. அண்ணன் பின்னால் துள்ளினான்.

"என்னம்மா இது, சண்டைக்கு நிக்குது!"

பெரியப்பா போன பிறகு பெரியம்மா சிரித்தது அன்றுதான்.

"தூக்கிப் போட்டுடவா?"

"அவர் கூட்டிட்டு வந்த ஆளுடா. நடுவழியில எப்படி இறக்குறது?"

இறாலுக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பா, உப்புத்தண்ணீர், காற்றுக்குழாய். புழு பாறையோடு திரும்பத் தொட்டிக்குள் போனது.

பாறையை வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"சரியாத்தாம்மா இருக்கு."

"இல்ல. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்."

அண்ணனின் சட்டைக் கை தோள் வரை நனைந்தது. மீண்டும் நகர்த்தினான். பெரியம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆரஞ்சு மீன் ஒன்று பாறையருகே வந்து, சற்று நின்று, அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது.

"போதும், கையை எடு" என்றாள்.