பலகைக்கு அடியில் பதினெட்டு நாள்

மேஸ்திரிக்கு இன்னொரு பெயர் முசுடு. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முப்பது வருஷமாகப் படகு கட்டுகிறவர். மீன்பிடிப் படகு, சரக்குப் படகு, ஆள் ஏற்றும் படகு எல்லாம் அவர் கைபட்டுத் தண்ணீரில் இறங்கியிருக்கின்றன. ஆனால் சமைக்க ஒரு மூலை, படுக்க ஒரு கட்டில் என்று உள்ளேயே வைத்து, புருஷனும் பெண்டாட்டியும் மாதக்கணக்கில் கரையோரமாக ஊர் ஊராகப் போய்வர ஒரு சின்னப் பாய்மரப் படகு வேண்டும் என்று அவரிடம் முதலில் வந்தவர் பல் டாக்டரம்மாதான்.

அந்தம்மா ஒரு மாதிரி. கட்டில் அளவு எடுக்கப் புருஷனையே ஷெட்டுக்குக் கூட்டிவந்து, சிமெண்டுத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, சுற்றிச் சாக்பீஸால் கோடு போடச் சொன்னார்.

"செத்தவனைச் சுத்திப் போலீஸ்காரங்க போடற கோடு மாதிரி இருக்கே" என்றார் புருஷன், படுத்தபடியே.

"பேசாதீங்க, அளவு மாறிடும்" என்றார் டாக்டரம்மா.

மேஸ்திரியே சிரித்துவிட்டார். ஷெட்டில் அதுவரை அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஞாயிறு தவறாமல் டாக்டரம்மா வருவார். அந்த வாரம் ஆன வேலையைப் போனில் படம் எடுத்து, இரண்டு வரி எழுதி இன்டர்நெட்டில் போடுவார். எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி படித்தது மூன்றாம் வகுப்பு. அதனால் மகள்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவாள். "இவர் போட்ட இணைப்பில் கத்தி முனைகூட நுழையாது" என்று ஒரு வாரம் எழுதியிருந்தது. அன்றைக்கு அவர் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

படகின் நடுவில் ஒரு குறுக்குச் சுவர் உண்டு. பாய்மரத்தின் பாரம் முழுக்க அதன் தலையில்தான் இறங்கும். அதன் அடியை ரெசின் பசையும் கண்ணாடி இழைத் துணியும் வைத்துப் படகின் வயிற்றோடு ஒட்டவேண்டும். ரெசினில் ஹார்ட்னர் கலந்தால்தான் இறுகும். அவர் கைக்குப் பழகிய கணக்கு இரண்டு கப்புக்கு ஒரு கப். அந்தத் தடவை வழக்கமான சரக்கு இல்லையென்று கடைக்காரர் வேறு கம்பெனி டப்பாவைக் கொடுத்தார்.

"அளவு டப்பாவுல போட்டிருக்கு மேஸ்திரி, ஒரு தடவை பாத்துக்குங்க."

"எனக்கு நீ சொல்லித்தரியா?"

டப்பாவில் இருந்தது எறும்பு ஊர்ந்தாற்போல இங்கிலீஷ் எழுத்து. மகளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். வேலைக்காரர்கள் சுற்றி நிற்கும்போது அது அவர் வாயில் வரவில்லை. இரண்டுக்கு ஒன்று கலந்து ஒட்டினார்.

மூன்றாம் நாள் தனியாக உள்ளே குனிந்து பெருவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் பதிந்தது. கல்லாக இருக்கவேண்டியது ரப்பராக இருந்தது. காலி டப்பாவை வீட்டுக்கு எடுத்துப்போய், "இதுல என்னமோ போட்டிருக்கே, சும்மா பாரு" என்று மகளிடம் நீட்டினார்.

"அஞ்சுக்கு ஒண்ணு கலக்கணுமாம்ப்பா. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

மறுநாள் யாரும் வருவதற்கு முன்னால் போய் அதன்மேல் பெயிண்ட் அடித்தார். காய்ந்ததும் அந்த இடம் மறைய மேலே கட்டில் பலகையை வைத்து ஸ்குரூ முறுக்கிவிட்டார்.

வெளியே சொல்லாததற்கு டாக்டரம்மா மட்டும் காரணமில்லை. அவர் பெண்டாட்டியின் தம்பி, ஒல்லி என்று கூப்பிடுவார்கள், பன்னிரண்டு வருஷம் அவரோடு வேலை செய்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு படகுக்கு ரெசினைத் தப்பாகக் கலந்துவிட்டான். "பத்தாவது படிச்சும் டப்பாவப் படிக்கத் தெரியாத தண்டம்" என்று நாலு பேர் முன்னால் கத்தி அவனை வெளியே அனுப்பினார் மேஸ்திரி. அன்றிலிருந்து அவன் மேஸ்திரி வீட்டு வாசல் மிதிக்கவில்லை. பெண்டாட்டி தம்பியோடு போனில் பேசவேண்டுமானால் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுவாள். மேஸ்திரி காதில் விழாதாம்.

இப்போது அதே தப்பை அவரே செய்துவிட்டார். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஞாயிறு வந்தது, போனது. மகள் வாசிக்க ஆரம்பித்தால் மேஸ்திரி பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிடுவார். "உடம்புக்கு என்னங்க?" என்ற பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்தார்.

பெயிண்ட் அடித்துப் பதினெட்டாம் நாளும் ஞாயிறுதான். புதன்கிழமை பாய்மரம் ஏற்றுவதாக இருந்தது. டாக்டரம்மா கையில் ஒரு தடிப் பேனாவோடு உள்ளே இறங்கினார். பின்னாலேயே புருஷனும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"கட்டினவர் பேர் இல்லாம படகு எதுக்கு? மெத்தை போடறதுக்கு முன்னாடி இங்க உங்க பேரை எழுதுங்க மேஸ்திரி" என்று அந்தப் பலகையையே தட்டிக் காட்டினார்.

மேஸ்திரிக்குத் தன் பெயரைத் தடங்கலில்லாமல் எழுத வரும். பேனாவை வாங்கினார். பலகைமேல் வைத்தார். கை நகரவில்லை. மூடியைப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். ஆறு ஸ்குரூ. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பலகையைத் தூக்கினார்.

"நகத்தை வெச்சு அழுத்திப் பாருங்கம்மா."

டாக்டரம்மா அழுத்தினார். இன்னொரு இடத்தில் அழுத்தினார். நோயாளி வாய்க்குள் பார்க்கிற முகம் வந்துவிட்டது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒட்டின மூணாம் நாளே."

"நல்ல காத்துல பாய் ஏத்தினா?"

"பிச்சுக்கும்."

"நாங்க இதுல தூங்கப்போறோம் மேஸ்திரி" என்றார் புருஷன், மெதுவாக.

"சொத்தைய உள்ள வெச்சு மேல அடைச்சு அனுப்பினா என் பேஷண்டு வலியோட திரும்பி வந்து என்னைத் திட்டுவாரு" என்றார் டாக்டரம்மா. "நாங்க எங்கேர்ந்து திரும்பி வந்திருப்போம்?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் மேஸ்திரிக்குத் தேவலையாக இருந்திருக்கும். சுரண்டி எடுத்துத் திரும்ப ஒட்ட இரண்டு வாரம் ஆகும் என்றார் மேஸ்திரி. "சரி" என்றார் அந்தம்மா. பழக்கதோஷத்தில் போனைத் தூக்கியவர், கீழே இறக்கிக்கொண்டார்.

"எடுங்கம்மா. டப்பாவப் படிக்காம கலந்தான்னு எழுதுங்க. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னும் சேத்து எழுதுங்க."

அன்று சாயங்காலமே ஒல்லியைத் தேடிப் போனார். படத்தைப் பார்த்து அவன் தெரிந்துகொள்வதைவிடத் தானே போய்ச் சொல்வது மேல் என்று பட்டது. ஒரு ஆஸ்பத்திரியின் வெளிச்சுவருக்கு ஆள் வைத்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான் அவன். ஏணிமேல் இருந்தவன் அவரைப் பார்த்ததும் பதறி இறங்கினான்.

"அக்காவுக்கு என்ன மாமா?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கா."

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் திட்டினவன் தன் தப்பையும் நாலு பேர் முன்னால்தான் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். சொன்னார். கலந்தது, பெயிண்ட் அடித்தது, பலகை போட்டு மூடியது, எதையும் விடவில்லை. வேலையாட்கள் நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒல்லி கையிலிருந்த பெயிண்டைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எத்தனை நாள் மூடி வெச்சிருந்தீங்க?"

"பதினெட்டு நாள்."

"நான் கலந்த அன்னிக்கே வந்து உங்ககிட்ட சொன்னேன் மாமா. நானா வந்து சொன்னேன்."

மூன்று வருஷமாக அந்தக் கதையை மேஸ்திரி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். "நான்தான் கண்டுபிடிச்சேன்" என்றுதான் எப்போதும் சொல்வார். சொல்லிச் சொல்லி அவருக்கே அப்படித்தான் நடந்தது என்று ஆகியிருந்தது. இப்போது அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஷெட் வாசலில் தலைகுனிந்து நின்று, "மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று இவனேதான் ஆரம்பித்தான்.

"ஆமா" என்றார் மேஸ்திரி. "நீயாத்தான் வந்து சொன்ன."

ஒல்லி துணியைக் கீழே போட்டுவிட்டு ஏணியில் ஏறினான். வேலையாட்கள் நான்கு பேரும், மேஸ்திரியைப் பார்க்காமல் இருப்பதற்காகவே, பெயிண்ட் காயாத சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.