அத்தைக்குப் பொருந்தும் சுவர்

ஈர டிஸ்டெம்பரின் வாடை மூக்கில் ஏறினாலே, மைசூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தை பட்டுப்புடவையோடு சுவரோரமாக நின்றதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அப்பாவின் தங்கை அவள், மைசூரிலேயே ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தாள், நல்ல கருப்பு.

கொள்ளேகாலிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அப்பா கூடத்துக்குப் பெயின்ட் அடிக்க ஆளை வரவழைத்தார். வந்த பெயின்டர் சுவரில் "க்ரீம்", "ஐவரி", "சந்தனம்", "பிஸ்கட்" என்று நாலு பட்டை இழுத்துக் காட்டினார். டீயில் பாலைக் கொஞ்சம் கூடக்குறைய விட்ட மாதிரி இருந்ததைத் தவிர அவற்றில் வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பெரியம்மாவுக்குத் தெரிந்தது.

"செவுரு வெளுப்பா இருந்தா புள்ள இன்னும் கருப்பாத்தான் தெரிவா" என்றாள்.

அவ்வளவுதான். பெண் பார்க்க வரும் அன்றைக்குக் கட்டப்போகும் புடவையையே அத்தைக்குக் கட்டிவிட்டு, ஒவ்வொரு பட்டைக்குப் பக்கத்திலும் நிறுத்தி, டியூப்லைட்டைப் போட்டும் அணைத்தும், மாப்பிள்ளை வீட்டார் உட்காரவிருந்த நாற்காலிகளில் தாங்களே உட்கார்ந்து பார்த்தார்கள். முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பச் சொன்னார் அப்பா, திருப்பினாள். தனக்கு ஐவரிதான் பிடித்திருக்கிறது என்று ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"உனக்குப் புடிச்சு என்ன பண்ண? அவங்களுக்குத்தான உன்னையப் புடிக்கோணும்" என்றாள் பெரியம்மா.

பிஸ்கட் என்று முடிவாயிற்று. வந்தவர்கள் கேசரியும் பஜ்ஜியும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுவரைத் தடவிப் பார்த்து, கலர் பெயரைக் கேட்டு, மகனைச் செல்போனில் குறித்துக்கொள்ளச் சொன்னாள். மறுநாள் காலை, பெண் நிறம் கம்மி என்று தரகர் போன் செய்தார். அத்தை சமையலறையில் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். சந்தனமே அடித்திருக்கலாம் என்றார் அப்பா, குரலைக்கூடத் தாழ்த்தாமல். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எங்கள் வீட்டாருக்கு அந்தக் காக்கையின் மனசுகூட இல்லை.

அடுத்த வரனுக்குச் சந்தனம், அதற்கடுத்ததற்கு க்ரீம். பிறகு யாரும் வரவில்லை, பெயின்டும் அடிக்கவில்லை.

இப்போது டிஸ்டெம்பர் வாடை அபூர்வம். கடையில் கம்ப்யூட்டரே சுவருக்குக் கலர் போட்டுக் காட்டிவிடுகிறது. அத்தையும் போன மாதம் போய்விட்டாள். மாலை போடுவதற்கு அவள் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தபோது, கொஞ்சம் நிறம் ஏற்றித் தரும்படி ஸ்டுடியோக்காரரிடம் அப்பா சொல்லியிருக்கிறார். துக்கம் கேட்க வந்த தொழிற்சாலைத் தோழி, அத்தையோடு இருபது வருஷம் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவள், ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டே படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, இது யார் என்று கன்னடத்தில் கேட்டாள்.