அல்போன்ஸ் மாட்டிய கியர்பாக்ஸ்

காருக்கு அடியில் படுத்து ஆயில் வடித்துக்கொண்டிருந்தபோது ரீட்டாவின் போன் வந்தது. "அப்பா போயிட்டாங்க மாமா" என்றாள். எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே கிடந்தேன். என் முகத்துக்கு நேர் மேலே இருந்த கியர்பாக்ஸ் அவளுடைய அப்பா அல்போன்ஸ் மாட்டியது.

பட்டினச்சேரியில் படகு எஞ்சின் ரிப்பேர் செய்பவராகத்தான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நான் துபாயிலிருந்து திரும்பிய பிறகு, கோவில்பத்தில் என் வீட்டுக் கொட்டகையில் நாங்கள் இருவரும் ஒரு பழைய ஜெர்மன் காருக்கு உயிர் கொடுத்த கதை சிலருக்குத்தான் தெரியும். ஆமை ஓடு போல வளைந்த, எஞ்சின் பின்னால் இருக்கும் கார். அதற்கென்று தேடினால் ஒரு திருகாணிகூடக் கிடைக்காது. பிந்தைய மாடலின் பிரேக், இன்னொரு காரின் வைப்பர் மோட்டார் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவருவார். பொருந்துமா என்று கேட்டால், "ஒரே கம்பெனி வண்டிங்க சொந்தக்காரங்க மாதிரி பாய். கொஞ்சம் முறைச்சுக்கும், அப்புறம் ஒட்டிக்கும்" என்பார். முறைத்த இடத்தை அரத்தால் ராவுவார். ஒவ்வொன்றும் உட்காரும்போது எங்களுக்குத் தலைகால் புரியாது.

அந்தக் காரில்தான் மாதா கோயிலுக்குப் போவேன் என்று கல்யாணப் பெண் ரீட்டா அடம்பிடித்தாள். இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். மூன்று நாள் இருக்கும்போது கியர்பாக்ஸ் நொறுங்கியது. நாகப்பட்டினத்தில் ஒரு காயலான் கடையில், அதே கம்பெனியின் பழைய வேன் கியர்பாக்ஸைப் பிடித்துவந்தார். அச்சு அசலாகப் பொருந்தியது. கல்யாணத்தன்று காலையில் மாட்டி முடித்து ஒன்றாவது கியர் போட்டேன். கார் பின்னால் போய்த் தூணில் இடித்தது. தள்ளி நிறுத்தி இரண்டாவதைப் போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. நான்கு கியரும் அப்படித்தான். ரிவர்ஸ் போட்டால் மட்டும் முன்னால் நகர்ந்தது.

வேனில் சக்கரங்களை ஒட்டிக் கூடுதலாகப் பல்சக்கரங்கள் உண்டு. அவை சுழற்சியைத் திருப்பிவிடும். காரில் அவை இல்லை. ஆகவே கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தை மறுபக்கமாக மாட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் இருவருக்கும் அது உறைக்கவில்லை.

பிரித்து மாட்ட ஒரு நாள் வேண்டும்; இருந்ததோ ஒரு மணி நேரம். அல்போன்ஸின் முகம் செத்துப்போனது. பெண்ணுக்குக் கொடுத்த வாக்கல்லவா. சட்டென்று நிமிர்ந்தார். "முன்னாடி போக ஒரு கியர் இருக்குல்ல பாய்? கோயிலுக்குப் போக ஒன்னு போதும், வாங்க." நான் மறந்து வேறு கியர் போட்டுவிடாதபடி, கியர் குமிழில் ரிவர்ஸ் பக்கமாக ஆணியால் 'முன்' என்று கீறினார்.

போனோம். பேண்டு செட்டுக்குப் பின்னால் நடைவேகத்தில் ஊர்ந்தோம். "இவ்வளவு பொறுமையா ஓட்டுற டிரைவர நான் பார்த்ததில்லங்க" என்றார் பேண்டு மாஸ்டர். அல்போன்ஸ் என் பக்கத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார். அந்த ஊர்வலத்தில் நடந்தவர்களே, அந்த நிதானத்தின் ரகசியம் இதுதான்.

அடுத்த வாரமே கிரவுன் வீலைத் திருப்பி மாட்டினோம். கடற்கரைச் சாலையில் நான்காவது கியரில் கார் பறந்தபோது, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தார் மனிதர்.

"அப்பாவுக்கு முன்னாடி நம்ம கார் போகணும் மாமா, நீங்களே ஓட்டுங்க" என்று அடக்கத்தன்று ரீட்டா கேட்டுக்கொண்டாள். அந்தக் குமிழை நான் மாற்றவே இல்லை. இப்போது 'முன்' பக்கம் தள்ளினால் கார் பின்னால்தான் போகும். அவர் கையெழுத்தாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். கல்யாணத்தன்று எங்களிடம் முன்னால் போக ஒரு கியர்தான் இருந்தது. இந்தமுறை நான்கு இருந்தன. கோயில் வரும்வரை நான் ஒன்றாவதை விட்டு மாற்றவில்லை.