இரணைமடுவில் காய்த்த ஒன்றரைச் சாண் புளி

ஞாயிறு காலை ஐந்தே முக்கால். பூவரசங்குளச் சந்தியில் நானும் ஒரு அட்டைப்பெட்டியும் வவுனியா பஸ்ஸுக்காக நின்றோம். பெட்டிக்குள் என் புளியமரம். வயது பதினாறு, உயரம் ஒன்றரைச் சாண். தட்டையான சட்டிகளில் நான் வளர்க்கும் பொன்சாய் மரங்கள் ஒன்பது. அவற்றில் வெளியூருக்குக் கொண்டுபோகத் தகுதியானது இது ஒன்றுதான். ஒரு தளிர் வரிசையை மீறி நீட்டிக்கொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்த கத்தரியை எடுத்து நறுக்கினேன். கொழும்பில் வாங்கிய கறுப்புப் பிடிக் கத்தரி அது. ஞாயிறுதோறும் என் மரங்களுக்கு வெட்டு உண்டு, பயணம் என்றாலும் தப்பாது.

போகும் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பொறாமை. முந்தின வாரம் மைத்துனர் கிளிநொச்சியில் ஒரு கலியாணத்துக்குப் போய்வந்து தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். இரணைமடுப் பக்கம் ஒரு பெண் குட்டி மரங்களை நட்டு முற்றத்தில் ஒரு ஊரையே அமைத்திருக்கிறாராம்.

"உங்கட புளி மாதிரியே ஒண்டு நிக்குது அத்தான். ஆனா அது காய்ச்சிருக்கு."

அந்த 'ஆனா' வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. என் புளி பதினாறு வருடத்தில் ஒரு பூக்கூடப் பூத்ததில்லை. "காயை நூலாலை கட்டியிருப்பா" என்று மனைவியிடம் சொன்னேன். கட்டியதுதான் என்று கையோடு பிடித்து, என் மரத்தைப் பக்கத்தில் வைத்து, நாலு பேர் முன்னால் எது மரம் என்று காட்டிவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

ஏழரைக்கு வவுனியாவில் கிளிநொச்சி பஸ். பெட்டியை ஆசனத்தில் வைத்தேன். நடத்துநர் வந்து நின்றார்.

"பெட்டியைக் கீழ வையுங்கோ ஐயா."

"வைக்கேலாது தம்பி. உள்ளுக்கை மரம் நிக்குது."

"மரமோ? அப்ப மரத்துக்கும் ரிக்கற் எடுங்கோ."

ஆளுக்கு இருநூற்றெண்பது ரூபா. மரத்துக்கும் அதே விலை. மனம் கோணாமல் கொடுத்தேன்.

மாங்குளம் தாண்டியதும் வீதியோரத்தில் நெல் காயப்போட்டிருந்தார்கள். காலபோக அறுவடை முடிகிற மாசி மாதம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றது. மற்றவர்கள் கச்சான் கடலை வாங்கப் போக, நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். என்ன வேண்டினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தக் காய் நூலில் கட்டியதாக இருக்கவேண்டும் என்றுதான் வேண்டினேன்.

ஒன்பதரைக்கு இரணைமடுச் சந்தி. ஓட்டோக்காரரிடம் குட்டி மரம் வளர்க்கும் அம்மா வீடு என்றேன்.

"ராசாத்தி அக்கா வீடோ? ஏறுங்கோ, ஐஞ்ஞூறு தாங்கோ. நேற்றும் யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு வான் நிறைய ஆக்கள் வந்தவை."

என் வீட்டுக்கு வந்து மரம் பார்த்தவர்கள் மைத்துனரும் மின்மானி வாசிக்க வருபவரும்தான். நாலு கிலோமீற்றரும் ஓட்டோக்காரர் ராசாத்தி அக்காவின் புகழையே பாடினார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ராசாத்திக்கு அறுபது வயதிருக்கும். பன்னிரண்டு வயதில் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பெற்றோருடன் வன்னிக்கு வந்தவர். மண் கையோடு "வாங்க ஐயா" என்று வரவேற்று, நிழலில் ஒரு கதிரை போட்டார். நான் உட்காரவில்லை. முற்றத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

முழங்கால் உயரத்தில் ஒரு குளக்கட்டு. உள்ளே சீமெந்துத் தொட்டியில் தண்ணீர், கட்டோரம் முழ உயர மருதமரங்கள். கீழே புல்லில் வயல், வரம்பு, வாய்க்கால். அப்பால் ஒரு மண்மேட்டில் சிற்றிலைச் செடிகளை ஒரே மட்டமாக வெட்டி வரிசையாக நட்டிருந்தார். அது தேயிலை மலை. சட்டி எதுவும் கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும் மண்ணுக்குள் புதைத்திருந்தார். என் ஒன்பது மரங்களும் வீட்டு மதிலில் ஆளுக்கொரு சட்டியில் நிற்பது நினைவுக்கு வந்தது. குறை தேடினேன். வாய்க்காலில் ஒரு இலை கிடந்தது. வேறொன்றும் அகப்படவில்லை.

மதகடியில் அந்தப் புளி நின்றது. மூன்று காய்கள். குனிந்து, கும்பிடுகிறவன் போல, ஒரு காயின் காம்பைத் தடவினேன். நூல் இல்லை. பிள்ளையார் என்னைக் கைவிட்டுவிட்டார்.

"இது நான் செஞ்சதில்லங்க" என்றார் ராசாத்தி. "குளத்துப் பக்கம் மாடு கடிச்சுக் கடிச்சுக் குள்ளமாப் போனது. தோண்டிட்டு வந்து வச்சேன்."

நான் கம்பி கட்டி, எடை தொங்கவிட்டு, பதினாறு வருடம் பாடுபட்டேன். இவருக்கு மாடு செய்து கொடுத்திருக்கிறது! பெட்டியைத் திறந்து என் மரத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

உண்மையாகவே என் மரம்தான் அழகு. அவரும் அதைச் சொன்னார். "அடேயப்பா, என்னா தண்டு! என்னா வேரு! என்கிட்ட இப்பிடி ஒண்ணு இல்லீங்க." இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கேட்டும் வயிறு ஆறவில்லை. கண் அந்த மூன்று காய்களிலேயே நின்றது.

"இது ஏன் காய்க்குதில்லை?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

கிளைநுனிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எத்தன நாளைக்கு ஒருக்கா வெட்டுவீங்க?"

"ஒவ்வொரு ஞாயிறும். ஒருநாளும் தவறினதில்லை."

அவர் சிரித்துவிட்டார். மண்மேட்டுத் தேயிலையைக் காட்டினார்.

"எங்க அம்மா வாரா வாரம் தேயிலைக் கொழுந்து கிள்ளுனவங்க. கிள்ளாம விட்டா தேயிலையும் மரமாகி, பூத்து, காய்க்கும். கிள்ளிக்கிட்டே இருந்தா எலதான் வரும். நீங்க புளிய நட்டு, தேயில வேல பாத்திருக்கீங்க ஐயா."

வெட்ட வெட்டத்தான் வடிவு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். வடிவு வந்தது. எது தலைதூக்கினாலும் நறுக்கியிருக்கிறேன், பூக்க இருந்ததையும் சேர்த்து.

"அப்ப இப்ப என்ன செய்யிறது?"

"பூ வந்து பிஞ்சு புடிக்கிற வர தொடாதீங்க. கண்டபடி வளரட்டும், அசிங்கமா இருந்தாலும் விடுங்க." என் சட்டைப்பையைப் பார்த்தார். "உங்களால முடியாது. அந்தக் கத்தரிய இங்க வச்சிட்டுப் போங்க."

மரத்தைக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு துடித்திருக்க மாட்டேன். தேத்தண்ணி குடித்து முடியும்வரை யோசித்தேன். பிறகு கொடுத்தேன்.

ஒரு மணிக்கு வாசல் படலையைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் என் கத்தரியால் ஒரு மருதங்கிளையை வெட்டிக்கொண்டிருந்தார். நல்ல வெட்டு. அதற்கும் எரிந்தது.

இதை வைகாசியில் எழுதுகிறேன். என் புளி சீப்புப் படாத தலைபோல நிற்கிறது. மைத்துனர் பார்த்துவிட்டு, மரத்தைக் கைவிட்டுவிட்டீர்களோ என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கை சட்டைப்பைக்குப் போய் வெறுங்கையாகத் திரும்புகிறது. நேற்றுக் காலை ஒரு நுனியில் சிவந்த மொட்டுகள் கண்டேன். மனைவிக்குச் சொல்வதற்கு முதலே இரணைமடுவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மொட்டு வந்திருக்கு. ஒரு கொத்து."

"சந்தோசம் ஐயா! எனக்கு இந்த வருசம் மரம் முழுக்கப் பூ" என்றார்.

மறுபடி வயிறு எரிந்தது.

"கத்தரிய பஸ்ஸில குடுத்து விடவா?"

"வேண்டாம்" என்றேன். "அங்கையே இருக்கட்டும்."