சுவரை முட்டி நடந்தவன்

போன வருடம் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆம்பூரில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு நான் பார்த்த விஷயம் இது. நடந்ததெல்லாம் ஊருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில். நான் பார்த்தது கம்ப்யூட்டர் திரையில்.

எனக்கு ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. என் நண்பனுக்கு பாலாற்றுப் பக்கம் உள்ள அந்தத் தோல் தொழிற்சாலையில் கழிவுநீர்ப் பிரிவு. தோல் ஊறிய தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர் எல்லாம் வந்து சேரும் பெரிய தொட்டி அவன் பொறுப்பு. மேல்விஷாரத்தில் ஒன்றாகக் காலேஜ் படித்த காலத்திலிருந்தே நாங்கள் இரண்டு பேரும் கேம் பைத்தியங்கள். கல்யாணம் ஆகியும் பைத்தியம் தெளியவில்லையே என்று இரண்டு வீட்டிலும் திட்டு விழும். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அந்த கேமுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தோம். நாமே ஒரு வீரனை உருவாக்கி, வாளும் மந்திரமுமாகச் சண்டை போட்டு அவனை வளர்க்கும் வகை. இப்படி ஓர் உலகத்தை இதுவரை யாருமே கட்டியதில்லை என்று கம்பெனிக்காரர்கள் பேட்டி மேல் பேட்டி கொடுத்தார்கள். ஒவ்வொரு டிரெய்லரையும் நாங்கள் வரி வரியாக அலசினோம். வெளிவந்த அன்று இரண்டு பேரும் வயிற்றுவலி என்று லீவு போட்டோம். நிஜமாகவே வயிறு எரிந்தது அதற்குப் பிறகுதான்.

தனியாக விளையாடினாலும் நெட் இருந்தே ஆக வேண்டும். ஒரு நொடி தொடர்பு அறுந்தாலும், சண்டையின் நடுவில் நின்றாலும் சரி, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். நெட்டே கிடைத்தாலும் உள்ளே ஒன்றும் இல்லை. டிரெய்லரில் ஜேஜே என்று இருந்த நகரம், கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் மாதிரி கிடந்தது. கடைக்காரன் அதே இரண்டு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வான். இந்த ஊரில் சிவப்பாக வந்த அரக்கன் அடுத்த ஊரில் பச்சையாக வருவான். ஆட்கள் பாதி உடம்பு தரையில் புதைந்தபடி நடப்பார்கள். வாங்கித் தொலைத்தோமே என்ற ஆத்திரத்தில்தான் நாங்கள் அதை விளையாடிக்கொண்டிருந்தோம்.

நண்பன் வீட்டு நெட் ரொம்ப மோசம். அதனால் ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் தொழிற்சாலை அறையிலேயே விளையாட ஆரம்பித்தான். அன்று உற்பத்தி கிடையாது. அவனும் கேட்டில் வாட்ச்மேன் பாயும் மட்டும்தான் இருப்பார்கள். வாரம் முழுக்கச் சேர்ந்த தண்ணீர் தொட்டியில் அசையாமல் கிடக்கும். திங்கட்கிழமை வேலைக்குத் தயாராக, ஞாயிறு மதியம் மோட்டாரைப் போட்டு அதைக் கலக்கிவிட வேண்டும். நண்பனின் அறை தொட்டியை ஒட்டியே இருந்தது. பின்பக்க ஜன்னல் தொட்டியைப் பார்த்துத் திறந்திருக்கும். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்க்கக் கூடாது என்று முன்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான்.

அன்றைக்கும் அப்படித்தான். ஹெட்போனில் பேசிக்கொண்டே இரண்டு பேரும் அந்தக் காலி நகரத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம். கண் எரியுது, தலை வலிக்குது என்றான். இந்த கேமைப் பார்த்தால் யாருக்குத்தான் எரியாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"இன்னிக்கு நாத்தமே இல்லடா. மோட்டார் போட்டப்போ கப்புனு அடிச்சுது. இப்ப சுத்தமா இல்ல. நல்லா இருக்குது."

இத்தனை வருடத்தில் உன் மூக்கு செத்துப்போயிருக்கும் என்று கிண்டல் செய்தேன். அவன் சிரித்தான். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. கேட்டதற்கு ம் என்றான். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. மதியம் பிரியாணி சாப்பிட்டிருக்கிறான், அந்த மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரையில் அவனுடைய வீரன் ஒரு முட்டுச் சந்தின் கடைசியில், சுவரில் முகத்தை முட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். கால்கள் மாறி மாறிப் போகின்றன, ஆள் ஓர் அடிகூட நகரவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த கேமில் இதெல்லாம் சகஜம், இன்னொரு கோளாறு என்று நினைத்தேன். பிறகு காட்டிக் கலாய்க்கலாம் என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கக் கீழே போனேன்.

திரும்பி வந்தபோதும் அவன் நடந்துகொண்டிருந்தான்.

என் வீரனை அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். நண்பன் ஆசை ஆசையாகத் தன் முகச்சாயலிலேயே செய்த முகம் அது. அவனுடைய தாடி, அவனுடைய புருவத் தழும்பு. அது கண்ணை இமைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நடந்தது. தெருவில் ஒரு ஜீவன் இல்லை. 

அப்போதுதான் உறைத்தது. சும்மா நின்றால் கொஞ்ச நேரத்தில் இந்த கேம் நம்மை வெளியே தள்ளிவிடும். இவனைத் தள்ளவில்லை. அப்படியென்றால் அங்கே ஏதோ ஒன்று கீபோர்டு விசையை அழுத்திக்கொண்டே இருக்கிறது.

கேமின் இசையை முழுவதும் குறைத்தேன். ஹெட்போனில் தொட்டி மோட்டாரின் உறுமல் கேட்டது. அதற்கு மேலே குறட்டை மாதிரி ஒரு சத்தம். இழுத்து, நின்று, வெகு நேரம் கழித்து மறுபடி இழுத்தது. அவன் செல்லுக்குப் போன் போட்டேன். அவன் அறையில் அது அடிப்பது என் ஹெட்போனிலேயே கேட்டது. அவன் காதுக்குப் பக்கத்தில் அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

எங்கள் பகுதியில் தொட்டி விபத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் கிடையாது. தேங்கிய தண்ணீரைக் கலக்கினால் விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும், வாயு ஜாஸ்தியானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஒருவர் விழுவார், தூக்கப் போனவரும் அவர் மேலேயே விழுவார். இதெல்லாம் அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் அங்கேயே வேலை பார்த்தும், நான் தோல் வாங்கப் போய்ப் போயும் பழகியதில், நாற்றம் இல்லை என்றால் நிம்மதி என்றே இரண்டு பேரும் நினைத்துவிட்டோம்.

வாட்ச்மேன் பாயின் நம்பர் என்னிடம் இருந்தது. அவரைக் கூப்பிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அறைக்கு ஓடுங்கள் என்று கத்தினேன். அவர் ஓடினார். சட்டென்று திரையில் நண்பனின் வீரன் மறைந்தான். சுவர் மட்டும் நின்றது. தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. ஹெட்போனில் மோட்டாரும் இல்லை, அந்த மூச்சும் இல்லை. நானே அணைக்கச் சொன்னதுதான், இருந்தும் அவனை நானே எங்கோ தொலைத்துவிட்டதுபோல் பதறினேன்.

செல்போனில் கதவை உடைக்கும் சத்தம் கேட்டது. உள்ளே போகாதீங்க பாய், காத்து போகட்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கண்ணு முன்னாடி மேசை மேல சாஞ்சி கிடக்கறாரு தம்பி. பாத்துனு நிக்கச் சொல்றீங்களா?"

நிற்கத்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கொடூரமான வார்த்தை அது. அவர் நிற்கவில்லை, அதே நேரம் உள்ளேயும் போகவில்லை. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத் தோலை இழுக்கும் நீளமான கொக்கிக் கம்பு ஒன்று வெளியே சாய்த்து வைத்திருந்ததாம். வாசலில் நின்றபடியே அதை நீட்டி, நண்பன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையில் மாட்டி இழுத்திருக்கிறார். சக்கர நாற்காலி. அது ஆளோடு உருண்டு வெளியே வந்துவிட்டது. மூச்சு இருக்குது என்று அவர் சொன்ன பிறகுதான் நான் ஹெட்போனைக் கழற்றினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் அவன் கண்விழித்துத் தெளிவாகப் பேச சில நாட்கள் ஆயின. நான் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கேம் பேச்சை எடுக்கவே கூடாது என்று அவன் மனைவி கண்டித்துச் சொல்லியிருந்தார். அவனாகத்தான் எடுத்தான்.

"நடந்துனே இருந்தன்டா. பெரிய ஊரு, ஒரு ஆள்கூட இல்ல. எதிர்ல ஒரு சுவரு. அத்தத் தாண்டிட்டா வீட்டுக்குப் போயிடலாம்னு தோணுச்சு." என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீ பக்கத்துலயே நின்னு என்னியே பாத்துனு இருந்த. ஏன்டா ஒன்னுமே பேசல?"

ஆரஞ்சுச் சுளை என் கையிலேயே நசுங்கிவிட்டது. மயக்கத்தில் தலை சாயும்போது திரை அரைகுறையாகக் கண்ணில் பட்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நான் என் வீரனை அங்கே நிறுத்தியது அவன் பேச்சு நின்று வெகு நேரத்துக்குப் பிறகு. அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.

அவன் இப்போது நன்றாக இருக்கிறான். வேறு பிரிவுக்கு மாறிவிட்டான். அந்த கேமை, அவன் அப்படிக் கேட்ட அன்று மாலையே நான் அழித்துவிட்டேன். அதைவிட நல்ல கேம்கள் வந்துவிட்டன, இன்றைக்கும் இரண்டு பேரும் விளையாடுகிறோம். பேசிக்கொண்டே இருக்கும் ஒருவர் திடீரென்று அமைதியானால், நண்பனோ மனைவியோ பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரோ யாராக இருந்தாலும், தூக்கமாக இருக்கும் என்று இப்போது நானே முடிவு கட்டுவதில்லை. கூப்பிட்டு எழுப்பி, "பேஜார் பண்ணாத" என்று அவர்கள் திட்டுவதைக் காதாரக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.